காதைத் தொட்ட வயது

எங்கள் தெருவில் பாதிப்பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். ஒரே நாளில் அத்தனை பெண்களுக்கும் வலி எடுத்ததா என்று வெளியாள் யாராவது கேட்டால் சிரிப்போம். பெற்றது தாய்மார்கள்தான், தேதி போட்டது தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று பிள்ளைக்கு ஐந்து முடிந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் யாரிடமும் கிடையாது. அதனால் அவர் ஒரு சோதனை வைத்திருந்தார். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. நானும் அப்படித் தொட்டவன்தான். நான் உண்மையில் எப்போது பிறந்தேன் என்று கேட்டால், விடாமல் மழை பெய்த வாரம் என்பதற்கு மேல் என் அம்மாவுக்கே தெரியாது.

என் கடை பதிவு அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பேன், மனு அடிப்பேன், கம்ப்யூட்டரில் படிவம் நிரப்புவேன். கடையின் பின்சுவரை ஒட்டி இரண்டு அறை கொண்ட ஒரு வீடு. அதில் சலவை அக்காவும் அவள் மகளும் அக்காவின் அண்ணனும் இருந்தார்கள். அண்ணன் லாரி செட்டில் எடை போடுகிறவர், யாரைப் பார்த்தாலும் எத்தனை கிலோ இருப்பார்கள் என்று கணக்குப் போடுகிற பார்வை. மகளுக்குக் கையும் காலும் நீளம், அதனால் தெருவில் அவள் பெயர் குச்சி.

குச்சிக்கு நான்கு வயது நடந்தபோது அவள் அப்பா லாரியோடு கால்வாயில் போனான். பதினாறாம் நாள் அக்கா வேலை தேடிக் கிளம்பிவிட்டாள். ஊர்க்கோடியில் ஓட்டல்களுக்கு விரிப்பு வெளுக்கிற சலவைக்கூடம் ஒன்று இருந்தது, அதில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் விரிப்பைச் சுடச்சுடத் தேய்க்கிற ஆவி உருளைகள் ஓடுகிற கூடத்துக்குள் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது. எப்போதோ ஒரு குழந்தை வெந்துபோயிருக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மிச்சமிருந்தது பள்ளிக்கூடம்.

அந்த வாரம் முழுக்க மாலையில் அக்கா தன் வீட்டு வாசற்படியில் பிள்ளையை நிறுத்திப் பழக்கினாள். கையை மேலே இழுத்து இழுத்து விடுவாள். பிள்ளை சிணுங்கும்.

"தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோ கண்ணு. சாய்ச்சா எட்டும்."

"சார் பாத்துருவாரும்மா."

"பாக்க மாட்டாரு. நீ சிரிச்சுக்கிட்டே தொடு."

நான் கடை போட்ட புதிது. நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தேன். அந்தப் பிள்ளை ஜனவரியில் பிறந்தது, நான்கரை கூட ஆகவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நீளக் கை, தலையைச் சாய்த்தாள், சிரித்தாள், தொட்டுவிட்டாள். பிறந்ததற்கு முந்தின வருஷத்து ஜூன் ஒன்று அவள் பிறந்தநாளாயிற்று. ஏழு மாதம் கூடிப்போனது.

பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று பள்ளியில் கேட்டார்கள். வீட்டில் பிறந்த பிள்ளை, பதிவே இல்லை. தாமதப் பதிவுக்குத் தாய் ஒரு சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அடித்தவன் நான்.

"எந்தத் தேதிக்கா போடட்டும்?"

"பள்ளிக்கூடத்துல எது இருக்கோ அதையே போடு தம்பி. ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி இருந்தா நாளைக்கு வம்பு."

விவரமான பொம்பளை என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். 'மேற்கண்டவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்று அடித்து, கீழே 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் முத்திரையையும் குத்தினேன். அக்கா வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உருளை சுட்ட தழும்புகள் வரிவரியாக இருந்த கை அது.

வெல்டர் வந்தது அதற்குப் பிறகு. அக்காவுக்கு அத்தை மகன் முறை. வெளிநாட்டில் கப்பல் கட்டுகிற இடத்தில் இருபது வருஷமாக வேலை பார்த்து, அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவர். மனைவி நோயில் போய்விட்டாள், பிள்ளை இல்லை. ஏப்ரலில் லீவில் வந்தவர் அக்காவைக் கேட்டார். அண்ணனுக்குச் சம்மதம். அக்காவுக்கு முகமெல்லாம் சம்மதம், வாயில் மட்டும் வரவில்லை. லீவு முடிவதற்குள் மே மாதத்திலேயே பதிவு செய்துவிடலாம் என்று பேசினார்கள்.

குச்சிதான் குறுக்கே படுத்தாள். நடுவில் மஞ்சள்காமாலையில் ஒரு வருஷம் போனதால் அப்போதுதான் பள்ளியின் கடைசித் தேர்வை முடித்திருந்தாள். மூன்று நாள் சாப்பிடவில்லை.

"என் ரிசல்ட் வரட்டும். அதுக்குள்ள அப்பான்னு யாரையும் கூட்டிட்டு வராத."

"உனக்கும் சேத்துத்தான்டி பாக்கறேன். அங்க போய்ப் படிப்ப."

"நான் கேட்டேனா?"

மூன்றாம் நாள் பிள்ளை மயங்கி விழுந்ததும் அக்கா இறங்கிவிட்டாள். வெல்டர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆகஸ்டில் பத்து நாள் லீவு போட்டு மறுபடி வந்தார். அதற்குள் போனில் பேசிப் பேசிக் குச்சியின் மனதையும் திருப்பியிருந்தார். அங்கே நர்சிங் படிக்கலாம், தனி அறை உண்டு, ஜன்னலுக்கு வெளியே ஆறு என்றெல்லாம். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான். குச்சிதான் எல்லாருக்கும் டீ கொடுத்தாள்.

படிவங்களையும் நானே நிரப்பினேன். மனைவிக்கு ஒன்று, மனைவியின் பிள்ளைக்கு ஒன்று. குடிமகனின் மனைவி என்பதால் வரிசையில் நிற்க வேண்டாம், ஒரு வருஷம் ஒன்றரை வருஷத்தில் போய்விடலாம் என்று இரண்டு பேரிடமும் பெருமையாகச் சொன்னேன். அந்த நேரத்தில் என் மீசையைப் பார்த்திருக்க வேண்டும். கூட வந்த விதிகளை நான் முழுக்கப் படிக்கவில்லை. படிக்காதவன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

எட்டு மாதம் கழித்து இரண்டு கடிதம் வந்தது. அக்கா வேலையிலிருந்து நேரே கடைக்கு வந்தாள், தலைமுடியில் சோப்பு வாசனை. முதல் கடிதத்தைப் படித்தேன்.

"உங்க மனு பாஸாயிருச்சுக்கா."

"கும்பிடறேன் சாமி. குச்சிக்கு?"

இரண்டாவதை மூன்று தடவை படித்தேன். பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிவதற்குள் திருமணம் நடந்திருந்தால்தான் அந்தப் பிள்ளை கணவனின் பிள்ளையாகக் கருதப்படும். தங்கள் திருமணத்தன்று பிள்ளைக்குப் பதினெட்டு வயதும் இரண்டு மாதமும். ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது.

"இல்லையே தம்பி, அவளுக்கு அன்னைக்குப் பதினேழுதான? ஜனவரிலதான பதினெட்டு?"

"தாள்ல ஜூன்க்கா."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவளுடைய வலது கை தானாக மேலே போய்க் காதைத் தொட்டது. என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் எதிர் அலுவலகத்துக்குப் போனோம். தேதியைத் திருத்த வேண்டும் என்றதும் அங்கிருந்த அம்மாள் கோப்பை எடுத்து விரித்தார். வயதானவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்துருக்கீங்க. இப்ப அது தப்புங்கறீங்க."

"ஆமாங்க. பிள்ளை ஜனவரில பொறந்தவ. வயித்துல சுமந்த எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேதான் எழுதினீங்களா?"

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அன்னைக்குப் பொய்ச்சத்தியம். இல்லன்னா இன்னைக்குப் பொய்ச்சத்தியம். எதுன்னு நீங்களே சொல்லுங்க, அதை எழுதிக்கறேன். பிரசவம் பாத்தவங்க யாராவது இருக்காங்களா?"

"செத்துப் போயிட்டாங்க."

"தடுப்பூசி அட்டை?"

"வீடு ஒழுகிப் போன வருஷம் எல்லாம் நனைஞ்சு போச்சுங்க."

அந்த அம்மாள் கோப்பைப் புரட்டி, 'தயாரித்தவர்' முத்திரையில் விரலை வைத்து, கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு பார்வை பார்த்தார். வெளியே வந்ததும் நான் அக்காவிடம் சொன்னேன், இனிமேல் இதைக் கிளற வேண்டாம், கிளறினால் மோசடி என்று உங்கள் விசாவையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள், வக்கீலிடம் போனாலும் அதுதான் என்று. நான் சொன்னதில் பாதி உண்மை. மீதி என் கடை. அக்கா என்னை நம்பினாள்.

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதை நான் கேட்காமல் இருந்திருக்கலாம். ஒற்றைச் செங்கல் சுவர், நானும் மிஷினை நிறுத்திவிட்டேன்.

"ஏழு மாசம்மா. என் வயசுல ஏழு மாசத்தை நீ திருடிட்ட."

"திருடலடி. கூட்டினேன். உனக்குச் சோறு போடத்தான் கூட்டினேன்."

"தலையைச் சாய்ச்சுக்கோன்னு நீதான சொன்ன? நான் கேட்டனே, சார் பாத்துருவாருன்னு."

"நீ மட்டும் என்ன? மே மாசம் கல்யாணத்த முடிச்சிருந்தா இந்தத் தாள்ல இருக்கற தேதிக்கே செல்லியிருக்கும். பட்டினி கெடந்து தள்ளிப்போட்டது யாரு?"

 பிறகு குச்சி சொன்னாள்:

"சரி. ரெண்டு பேருமா சேந்து பண்ணிக்கிட்டோம். ஆனா போறது நீ மட்டும்."

வெல்டர் போனில் பொறுமையாகத்தான் பேசினார். அக்கா முதலில் வந்துவிட வேண்டும். வந்து நிரந்தரமாகக் குடியிருக்கிற அட்டை கிடைத்ததும், திருமணமாகாத மகள் என்ற கணக்கில் அங்கிருந்தே குச்சிக்கு மனுப் போடலாம். அது வரிசை. ஏழு வருஷம், எட்டு வருஷம் ஆகும். அதுவரை அவள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. செய்தால் அந்த நாளோடு வரிசை போச்சு.

"எட்டு வருஷமா," என்றார் அண்ணன். "கிளி வளக்கற மாதிரி வளக்கச் சொல்றீங்க."

"நீ பாத்துக்க மாட்டியாண்ணே?"

"சோறு போடறேன். அதுக்கு மேல வயசுப் பொண்ணுக்கு நான் காவல் நிக்க முடியாது. நல்ல எடம் வந்தா முடிச்சிடணும்."

"முடிக்கக் கூடாதுங்கறதுக்குத்தான உன்னைக் கேக்கறேன்."

அக்கா போகமாட்டேன் என்றுதான் பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் தாள்கள் அவளைத் தள்ளிக்கொண்டே போயின. போலீஸ் சான்றிதழ் வந்தது. அது காலாவதியாவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருந்தது. பதினாலு வருஷம் ஆவியில் வெந்ததில் வேறு எதுவும் தங்கவில்லை போலிருக்கிறது என்று அண்ணன் சொன்னார். நேர்காணலில் நான்கே கேள்வி. கடைசியாக, உங்களுக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டார்களாம். ஒன்று என்றாளாம். அந்தப் பிள்ளையும் வருகிறதா என்றார்களாம். இல்லை என்றாளாம். சரி என்று அடுத்த வாரமே விசாவைப் பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவப் பரிசோதனை நடந்த நாளிலிருந்து ஆறு மாதம் கணக்கு. அதற்குள் அந்த நாட்டில் கால் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் எல்லாத் தாளும் முதலிலிருந்து.

அவள் ஐந்து மாதமும் மூன்று வாரமும் இருந்தாள்.

கடைசி நாள் வேலைக்குக் குச்சியையும் கூட்டிப்போனாள், தன் இடத்தை அவளுக்கு வாங்கிக் கொடுக்க. ஓட்டல் ஒன்றின் படிவத்தில் மேலாளர் கையெழுத்து வாங்க நானும் போயிருந்தேன். உருளையிலிருந்து விரிப்புகள் கொதிக்கக் கொதிக்க வெளியே வந்தன. இந்த முனையில் தாயும் அந்த முனையில் மகளும். பிடிக்க வேண்டும், உதற வேண்டும், நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும், அடுத்த விரிப்புக்காகப் பின்னால் போக வேண்டும். நிமிஷத்துக்கு இரண்டு. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. மூலை சேர்க்க வரும்போது மட்டும் ஒரு வாக்கியம் சொல்லலாம்.

"விரலை உள்ள மடக்கிப் பிடி, சுடாது."

போய் வந்தார்கள்.

"மாமாகிட்ட எதிர்த்துப் பேசாத."

போய் வந்தார்கள்.

"எட்டு வருஷம் கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும்."

போய் வந்தார்கள். குச்சி மூலையைக் கொடுத்தாளே தவிர முகத்தைக் கொடுக்கவில்லை.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு. வரிசை வர்ற வரைக்கும் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு."

"சத்தியம் பண்ணி எழுதறதெல்லாம் உன் வேலைம்மா," என்றாள் குச்சி. அடுத்த விரிப்பு வந்துவிட்டது. பின்னால் போனாள். திரும்பி மூலையைக் கொண்டுவந்தபோது அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "சரி, பண்ணிக்கல. போதுமா," என்றாள்.

அக்கா போன பிறகு மகள் அந்த இடத்தில் நின்றாள். நர்சிங் படிப்பைப் பற்றி நான் ஒருமுறை கேட்டேன். "எப்பிடியும் அங்க போய்ப் படிக்கத்தான போறேன், இங்க எதுக்கு ரெண்டு தடவன்னு அம்மா சொன்னாங்கண்ணே," என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். ஆறு மாதத்தில் அவள் கையிலும் முதல் தழும்பு வந்துவிட்டது.

அக்கா அங்கே போய் என்ன வேலை செய்தாள் என்று கேட்கிறீர்களா? ஓட்டல் விரிப்பு மடிக்கிற வேலைதான். அங்கே உருளை கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள். மனுப் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் அந்த நாட்டு அரசாங்கம் எந்தத் தேதியில் மனுப் போட்டவர்கள் வரை வரிசை வந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் போடும். வெல்டரே படித்துச் சொல்லலாம். ஆனால் அக்காவுக்கு நான் சொன்னால்தான் திருப்தி. மாதா மாதம் போன் வரும்.

"தம்பி, லைன் எங்க நிக்குது?"

பார்த்துச் சொல்வேன். சில மாதம் மூன்று வாரம் நகரும், சில மாதம் அசையாது, ஒரு தடவை பின்னால் கூடப் போனது. பின்னால் போன மாதம் அக்கா அழுதாள்.

இரண்டு வருஷம் ஆனது. ஒரு நாள் குச்சி கடைக்கு வந்தாள். பின்னால் சலவைக்கூடத்து வேன் டிரைவர், புதுச் சட்டையில்.

"அண்ணே, ஒரு பதிவுத் திருமணப் படிவம்."

நான் படிவத்தை எடுக்கவில்லை. "யோசிச்சியா? கையெழுத்துப் போட்ட அன்னைக்கே உன் நம்பர் செத்துரும்."

"தெரியும்ணே. நீங்கதான் படிச்சுச் சொன்னீங்க."

"இன்னும் அஞ்சாறு வருஷம்தான்."

"அஞ்சாறு வருஷம்தான்னு சொல்றீங்க. நீங்க வந்து நில்லுங்களேன்." டிரைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "மாமா ரெண்டு எடம் கொண்டாந்தாரு. ரெண்டும் கெழடு. இவரு நல்லவரு. எனக்குப் பிடிச்சிருக்கு. வேற என்னண்ணே வேணும்?"

"அப்ப அம்மாகிட்ட சொல்லிரு."

"சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டுக் கிளம்பி வந்துரும். வந்தா அங்க இருக்கறவருக்கும் கஷ்டம், அம்மாவுக்கும் எல்லாம் போச்சு. வேணாம்."

"சொல்லாமலே விட்டா? மாசா மாசம் என்னைக் கேக்கறாங்களே."

"கேட்டா லைனைப் பாத்து இருக்கறதச் சொல்லுங்க. அது பொய் இல்லையே."

"குச்சி, இது பழி வாங்கறதா?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். "கொஞ்சம்," என்றாள். பிறகு, "முக்காவாசி இல்ல," என்றாள்.

படிவத்தில் பிறந்த தேதி என்ற கட்டத்தில் என் விரல் நின்றது. அவளே சொன்னாள், ஜூன் ஒண்ணுன்னே அடிங்க, ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி இருந்தா வம்பு என்று. இந்தக் கல்யாணத்துக்கும் நான்தான் சாட்சி. அண்ணன் லாரி செட்டிலிருந்து அரைமணி நேர அனுமதியில் வந்து, மாப்பிள்ளையை ஏற இறங்க எடை போட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்.

அதன் பிறகு தாயோடு பேசும்போது குச்சி போனில் முகத்தை மட்டும் காட்டினாள். கடைசி மாதங்களில் கழுத்துக்குக் கீழே காமிரா இறங்கவே இல்லை. முகம் உப்பியிருக்கிறதே என்று அக்கா கேட்டதற்கு ஆவி என்று சொல்லிவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு நாள் குழந்தை, பெண். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"பிறப்புப் பதிவுக்குண்ணே. நல்லாப் பாத்து அடிங்க. காலையில ஆறு மணி நாப்பத்தொரு நிமிஷம். நிமிஷம்கூட மாறக் கூடாது."

அடித்தேன். அவள் திரையை எட்டிப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக வாசித்தாள். சீட்டோடு ஒப்பிட்டாள். மறுபடி வாசித்தாள். அப்போதுதான் என் போன் அடித்தது. அன்றைக்குப் பட்டியல் வருகிற நாள்.

"தம்பி, நல்லாருக்கியா? லைன் எங்க நிக்குது?"

குச்சிக்குக் குரல் கேட்டுவிட்டது. அப்படியே நின்றாள்.

"இருங்கக்கா, பாக்கறேன்."

"மெதுவாப் பாரு. இங்க அவ ரூம்ல ஒரு கட்டில் வாங்கிப் போட்டுட்டேன். மெத்த கூட வந்துருச்சு. விரிப்பு நானே மடிச்சு வச்சிருக்கேன். நாலு வருஷம் சும்மா கெடந்தா என்ன, கெடக்கட்டும்."

நான் பக்கத்தைத் திறந்தேன். குழந்தை முழித்துக்கொண்டு ஒரு தடவை கத்தியது. குச்சி சட்டென்று அதன் வாயை மார்போடு அழுத்திக்கொண்டாள்.

"யாரு கொழந்த அது?"

குச்சி என்னைப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிற வாக்கில்.

"ஜெராக்ஸ் எடுக்க வந்தவங்கக்கா."

"நல்லாக் கத்துது. பொண்ணா?"

"பொண்ணுதான்க்கா."

"கடிச்சுத் திங்கலாம் போல இருக்குது சத்தம். சரி, லைனச் சொல்லு."

பட்டியலில் அந்த மாதம் ஐந்து வாரம் முன்னால் போயிருந்தது. அத்தனை மாதத்தில் அவ்வளவு வேகமாக அது போனதே இல்லை.

"அஞ்சு வாரம் நகந்துருக்குக்கா," என்றேன்.

"அப்பிடியா," என்றாள் அக்கா. சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "அவகிட்ட நீயே சொல்லிரு தம்பி. அம்மா கேட்டுட்டேன், நகருதாம்னு."